வீரா 1.5 பவர் ஸ்டேரிங் ஆயில் லீக்கு: ரேக் முழுசா மாத்தணுமா, சீல் மட்டும் போதுமா?

பாயா தெருபோங் வீரா:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட பழைய புரோட்டோன் வீரா 1.5 காடி இப்ப என்கிட்ட இருக்கு, 1999 மாடல், மேனுவல் கியர், எஞ்சின் இன்னும் ஜம்முனு ஓடுது, பாடியும் பரவாயில்ல, ஏர்கோன் மட்டும் அதுக்கா தோணுனா குளிரும். இப்ப பிரச்சன பவர் ஸ்டேரிங் ஆயில். டேங்க்ல மேல் கோடு வரைக்கும் ஊத்தி வச்சாலும் கொஞ்ச நாள்ல கீழ் கோட்டுக்கு இறங்கிருது. காலையில பிளாட் பார்க்கிங்ல இருந்து ஒடிச்சு எடுக்கும்போது பம்ப் ஙீ...ங்குனு கத்துற கத்துல மேல் மாடிக்காரங்களுக்கெல்லாம் நான் வேலைக்கு கிளம்புற நேரம் தெரிஞ்சு போச்சு. ஸ்டேரிங்கும் ஒரு நேரம் லேசா இருக்கு ஒரு நேரம் கனமா இருக்கு.

குனிஞ்சு பார்த்தா டிரைவர் பக்கம் முன் டயருக்கு கொஞ்சம் உள்ள தள்ளி சிமெண்ட்ல செவப்பு கலந்த கருப்பா எண்ணெய். ரெண்டு வொர்க்ஷாப்ல காட்டினேன். ஒரு கடையில காடிய லிஃப்ட்ல கூட ஏத்தல, கைபோன் லைட் அடிச்சு ஒரு பார்வ பார்த்துட்டு "ரேக் போச்சு, புதுசு போடணும், கூலியோட 1100 வெள்ளி"ன்னுட்டாரு. ரேக்குன்னா ஸ்டேரிங்க சுத்துனா முன் டயர திருப்புற சாமான். இன்னொரு கடையில அதுல இருக்கிற ரப்பர் சீல் கிட் மட்டும் மாத்துனா போதும், 280 வெள்ளில முடிச்சுத் தரேங்குறாரு. பக்கத்து வீட்டு அங்கிள் வேற, லீக் ஸ்டாப்புன்னு ஒரு டப்பா விக்குது, 25 வெள்ளி, ஊத்திட்டு மறந்துருங்குறாரு.

காடிய வித்தாலே மூணு நாலாயிரம் தேறுமான்னு தெரியல, அதுல 1100 போடறதுக்கு மனசு வரல, ஆனா அப்பா காடி, விக்கவும் மனசு வரல. தீபாவளிக்கு அம்மாவ ஏத்திக்கிட்டு சுங்கை சிப்புட் போகணும், பினாங்கு பாலத்து மேலயும் ஹைவேயிலயும் ஸ்டேரிங் மக்கர் பண்ணுனா என்ன பண்றது? யார் சொல்றத கேக்குறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய இரும்பு:

ப்ரோ பேசாம மைவி ஒண்ணு வாங்கிருங்க, அதுல ஸ்டேரிங் மோட்டார்ல ஓடுது, ஆயிலே கிடையாது, லீக்கும் கிடையாது 😂 சும்மா சொன்னேன். லீக் ஸ்டாப் நானும் என் பழைய சாகாவுல ஊத்தியிருக்கேன், கொஞ்ச மாசம் நின்னுச்சு, அப்புறம் முன்ன விட மோசமா ஒழுகுச்சு. 25 வெள்ளிதானேன்னு ஊத்திப் பாக்கலாம், ஆனா அத நம்பி அம்மாவ ஏத்திக்கிட்டு ஹைவே போகாதீங்க.


பிறை போர்மேன்:

தம்பி, நான் பிறையில ரொம்ப வருஷமா வொர்க்ஷாப்ல கிடக்குறவன். உனக்கு விலை சொன்ன ரெண்டு பேருமே இன்னும் லீக்க பார்க்கல, பார்க்காம சொன்ன விலை ரெண்டுமே குருட்டு விலைதான். முதல்ல எங்க இருந்து வருதுன்னு பிடி, காசு பேச்சு அதுக்கப்புறம்.

ஸ்டேரிங் ரேக் இருக்கிற இடம் எஞ்சினுக்கு பின்னால கீழ. மேல எந்த எண்ணெய் ஒழுகுனாலும் வழிஞ்சு அது தலையிலதான் வந்து நிக்கும், ஓடும்போது காத்து வேற பின்னால தள்ளிவிடும். அதனால பழி எப்பவும் ரேக்குக்குத்தான். எஞ்சின் ஆயில் லீக்க ஸ்டேரிங் லீக்குன்னு நினைச்சு ரேக் மாத்துன ஆளெல்லாம் உண்டு. நீ செவப்புங்கிற, டேங்க்ல குறையுதுங்கிற, அதனால உன்னோடது ஸ்டேரிங் ஆயில்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா ரேக்கான்னுதான் தெரியணும்.

கீழ எல்லாத்தையும் டிகிரீசர் அடிச்சு கழுவு. நல்லா காய விடு. ஒரு நாள் ஓட்டிட்டு வந்து வெள்ளை டிஷ்யூவ வச்சு மேல இருந்து கீழ வரிசையா ஒத்தி எடுத்துக்கிட்டே வா. முதல்ல டேங்க், அதோட மூடி, டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ். அப்புறம் பம்ப், புல்லிக்கு பின்னால ஷாஃப்ட் சீல் போயிருந்தா எண்ணெய சுத்தி எறியும், அக்கம்பக்கமெல்லாம் கோடு கோடா தெறிச்சிருக்கும். அப்புறம் பிரஷர் ஹோஸ், அதுல ரப்பரும் இரும்பு பைப்பும் சேர்ற இடத்துல ஒரு அழுத்துன வளையம் இருக்கும் பாரு, அங்கதான் வேர்க்கும். திரும்பி டேங்குக்கு போற ரிட்டர்ன் ஹோஸுக்கு பிரஷரே கிடையாது, வெறும் கிளிப்புதான், நம்ம ஊரு சூட்டுல பத்து வருஷத்துல அந்த ரப்பர் கட்டையா போயிரும், நகத்த வச்சு அழுத்துனா உள்ள போகாது. அப்படி இருந்தா ஒழுகுதோ இல்லையோ மாத்திரு, சில்லறை காசு.

இதெல்லாம் காஞ்சு கிடந்தாத்தான் ரேக். ரேக்குலயும் எங்கேன்னு இருக்கு, அதான் முக்கியம். நம்மது வலது பக்கம் ஸ்டேரிங், அதனால ஸ்டேரிங் தண்டு வந்து இறங்குற பினியன் பல்லு சக்கரம் டிரைவர் பக்கம் இருக்கும், பிரஷர்ல வேலை செய்ற சிலிண்டர் இடது பக்கமா இருக்கும். ரெண்டு முனையிலயும் அக்கார்டியன் மாதிரி ரப்பர் பூட் மூடியிருக்கும். அத கையால அமுக்கிப் பாரு. காத்து மட்டும் இருந்தா நல்லது, தண்ணிப்பை மாதிரி குலுங்குனா உள்ள எண்ணெய் நிறைஞ்சிருக்கு. உள் கிளிப்ப கழட்டி பூட்ட பின்னால தள்ளு, ஒரு டப்பாவ கீழ வச்சுக்கோ, சட்டைய கெடுத்துக்காத. இடது பூட்ல எண்ணெய்னா வெளி முனை சீல். வலது பூட்லன்னா பெரும்பாலும் உள் சீல், அதுக்கு ரேக்க முழுசா பிரிக்கணும். ஒரு சங்கதி, பல ரேக்குல ரெண்டு பூட்டையும் சேர்த்து ஒரு சின்ன காத்துக் குழாய் போகும், அது வழியா எண்ணெய் அந்தப் பக்கம் போயிரும், அதனால ரெண்டு பக்கமும் பாரு. டிரைவர் சீட்ல உக்காந்து பெடலுக்கு மேல ஸ்டேரிங் தண்டு தரையில இறங்குற இடத்துல கார்ப்பெட் ஈரமா இருந்தா அது பினியனோட மேல் சீல்.

இப்ப கடைசியா ஒண்ணு, இதத்தான் எந்த கடையும் காட்டாது. ஸ்டேரிங்க ஒரு பக்கம் ஒடிச்சு, ரேக்குக்குள்ள ஓடுற இரும்பு ஷாஃப்ட்ட வெளிய வர வச்சு, துடைச்சு, நகத்தால மெதுவா தேய். கண்ணாடி மாதிரி வழுக்குனா சீல் கிட் போடலாம், நல்லா நிக்கும். துரு புள்ளி நகத்துல தட்டுச்சுன்னா சீல் கிட் போட்டு பிரயோஜனமே இல்ல, புது சீலையும் அந்த துரு அறுத்துரும். 280ஆ அதுக்கு மேலயாங்கிறத அந்த ஷாஃப்ட்தான் சொல்லும்.

அதுவரைக்கும் காடிய ஓட்டலாம். ஆயில் தீர்ந்தா ஸ்டேரிங் போயிராது, இரும்புக்கு இரும்பு இணைப்பு இருக்கு, கனமாத்தான் ஆகும். ஆனா டேங்க காய விடாத, பம்ப் காத்த உறிஞ்சி உள்ள தேஞ்சு போயிரும், அப்புறம் ரேக்கோட பம்புக்கும் சேர்த்து அழணும். பம்ப் கத்துதுன்னு சொன்னல்ல, அது ஏற்கனவே காத்து குடிக்குது. வீராவுக்கு செவப்பு ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் ஆயில், டெக்ஸ்ரான் வகை. ஹோண்டாவுக்கு ஊத்துறது வேற எண்ணெய், அத மாத்தி ஊத்தாத. எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல சொட்டி புகை வந்துச்சுன்னா மட்டும் ஓட்டாத, அன்னைக்கே கடையில விடு.


பாயா தெருபோங் வீரா:

அண்ணே ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எவனும் சொல்லல. சனிக்கிழம பிளாட்டுக்கு கீழ ஜாக்கி போட்டு பாக்குறேன். பக்கத்து வீட்டு அங்கிள் இன்னொரு ஐடியா சொன்னாரு, லீக் ஸ்டாப் இல்லன்னா கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்து ஊத்துனா சீல் உப்பி அடைச்சுக்கும்னு. அது நிஜமா?


பிறை போர்மேன்:

ஐயோ வேணாம். உப்பும், அது நிஜம். ஆனா நிக்காது, உப்பிக்கிட்டே போய் கொழகொழன்னு ஆயிரும், அப்புறம் பம்ப் ரேக் ஹோஸ் மூணுலயும் சீல் போச்சு. பிரேக் ஆயில் ரப்பர் ஒரு ஜாதி, ஏடிஎஃப் ரப்பர் வேற ஜாதி. அங்கிள் கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

லீக் ஸ்டாப் அவ்வளவு மோசமில்ல, அதுவும் ரப்பர உப்ப வைக்கிறதுதான், ஆனா ஏடிஎஃப் ரப்பருக்கு ஏத்த மாதிரி. வயசாகி இறுகிப்போன சீல்ல லேசா வேர்க்குதுன்னா சில மாசம் காப்பாத்தும். கிழிஞ்ச சீலுக்கும் துரு ஷாஃப்ட்டுக்கும் அது ஒண்ணும் பண்ணாது. ஜாக்கில மட்டும் நிறுத்திட்டு கீழ படுக்காத, ஸ்டாண்ட் வச்சுட்டு படு.


ஜெலுத்தோங் அக்கா:

நானும் சொல்றேன், ஏன்னா போர்மேன் அண்ணன் சொன்ன அந்த துரு விஷயத்துல மாட்டி காச விட்டவ நான். என்னோடது வாஜா. பூட் கிழிஞ்சு கிடந்தது யாருக்கும் தெரியல, ஆயிரம் தடவ சர்வீஸ் அனுப்பியிருப்பேன் ஒருத்தன் கூட சொல்லல. இங்க அக்டோபர் நவம்பர்ல அடிக்கிற மழை தெரியும்ல, ரோட்டுல தேங்குற தண்ணி மண்ணோட அந்த கிழிசல் வழியா உள்ள போய் ஷாஃப்ட்ல துரு பிடிச்சு, அந்த துரு சீல அறுத்து, லீக்கு ஆரம்பிச்சிருக்கு. பூட்டு விலை என்ன, ரேக் விலை என்ன, நெனச்சா எரிச்சலா வருது.

ஒரு கடையில (பேர் வேணாம், இன்னும் அதே ரோட்லதான் இருக்காங்க) சீல் கிட் போட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. சில மாசத்துல திரும்பவும் சொட்ட ஆரம்பிச்சுது, போய் கேட்டா "அக்கா ரோடு சரியில்ல"ங்குறான். ரோடு என்ன பண்ணும்? அப்புறம் வேற ஒருத்தர் கழட்டி காட்டுனப்பதான் தெரிஞ்சுது, துருவ மணல் தாள் போட்டு தேச்சுட்டு அது மேலயே புது சீல ஏத்தியிருக்கான், ஷாஃப்ட்ல குறுக்கும் நெடுக்குமா கீறல், கை வச்சாலே சொரசொரன்னு இருக்கு. வழுவழுன்னு இருக்க வேண்டிய சாமான அரம் மாதிரி ஆக்கி வச்சிருக்கான்.

கடைசியில ரீகன் ரேக், அதாவது பழச பிரிச்சு புதுப்பிச்சது, போட்டேன், பழச கொடுத்து மாத்திக்கிற கணக்குல. இப்பவும் காஞ்சுதான் கிடக்கு. தம்பி, நீங்க எந்த கடைக்கு போனாலும் கழட்டுன பழைய சாமான கண்ணுல காட்ட சொல்லுங்க, ரசீதுல வாரண்டி எத்தன மாசம்னு எழுதி வாங்குங்க, வாயில சொல்றதெல்லாம் கணக்கில்ல. பொம்பளைங்க போனா இன்னும் கொஞ்சம் ஏத்தி சொல்லுவாங்க, அதுக்குத்தான் நான் இப்பல்லாம் போறதுக்கு முன்னாடி போன்ல நாலு கடையில விலை கேட்டுட்டு போறது.


கபாலா பத்தாஸ் மாமா:

எதுக்கு இவ்வளவு செலவு? அந்த காலத்து சாகாவுல பவர் ஸ்டேரிங்கே கிடையாது, நாங்க ஓட்டலையா? பெல்ட்ட வெட்டி போடு, டேங்க்ல மிச்சம் இருக்கிறத கொட்டிரு, லீக்கும் நின்னுரும் பெட்ரோலும் மிச்சம். கைக்கு எக்சசைஸ்.


பிறை போர்மேன்:

மாமா கோச்சுக்காதீங்க. அந்த பழைய சாகாவுல இருந்தது கையால ஓட்டுறதுக்குன்னே செஞ்ச ரேக், அதிகமா சுத்தணும் ஆனா லேசா சுத்தும். பவர் ரேக்குல சுத்து கம்மி, பம்ப் வேலை செய்யலன்னா அந்த பாரம் அப்படியே தோள்ல விழும். உள்ள தேங்கியிருக்கிற எண்ணெயவும் நீங்களே தள்ளணும், எண்ணெய் இல்லாம விட்டா சீல் காய்ஞ்சு தேயும். தம்பி இருக்கிறது பாயா தெருபோங், அங்க பிளாட் பார்க்கிங்ல ரெண்டு காடிக்கு நடுவுல நிறுத்தி எடுக்கிறதுக்கே உசிர் போகும். அது மட்டுமில்ல, சில எஞ்சின்ல அதே பெல்ட் வாட்டர் பம்பையும் சுத்தும், வெட்டுனீங்கன்னா எஞ்சினே சூடாகி போயிரும். என்னைக்காவது ஒரு நாள் வித்து பேர் மாத்தணும்னா புஸ்பாகோம் காடி சோதனை நிலையத்துல வேற காட்டணும், அங்க கீழ குழியில நின்னு ஸ்டேரிங்க ஆட்டிப் பார்ப்பாங்க.


கபாலா பத்தாஸ் மாமா:

சரி சரி. நான் ஓட்டுனது எஸ்டேட் ரோடு, பார்க்கிங் தொல்லை கிடையாது.


பாயா தெருபோங் வீரா:

பார்த்துட்டேன். அண்ணே சொன்னபடி கழுவி, ஓட்டிட்டு வந்து டிஷ்யூ வச்சு பார்த்தேன். விசயம் என்னன்னா ரெண்டு லீக்கு.

டிரைவர் பக்கம் தரையில சொட்டுனது ரேக்கே இல்ல, ரிட்டர்ன் ஹோஸ். ரேக்குக்கு மேல பைப்ல மாட்டுற முனையில வட்டமா வெடிச்சு இருக்கு, நகத்தால அழுத்துனா நகம்தான் வளையுது. கிளிப் கழட்டும்போதே ஒரு துண்டு பிஞ்சு கையோட வந்துருச்சு. அந்த 1100 வெள்ளி ஆள் கைபோன் லைட்ல பார்த்தது இந்த எண்ணெயதான்.

சரி தப்பிச்சோம்னு நினைச்சேன். அப்புறம் இடது பக்க பூட்ட அமுக்குனேன், குலுங்குச்சு. கீழ் மடிப்புல ஒரு விரல் நீளத்துக்கு கிழிசல், மேல இருந்து பார்த்தா தெரியாது. கிளிப் கழட்டி பூட்ட பின்னால தள்ளுனதும் கருப்பா, மண்ணு கலந்து, பாதி எண்ணெய் பாதி தண்ணி மாதிரி ஊத்துச்சு, பழைய மைலோ டின் ஒண்ணு வச்சிருந்தேன் அதுல கால்வாசி இருக்கும். ஷாஃப்ட்ட துடைச்சா ஆரஞ்சு கலர்ல புள்ளி புள்ளியா துரு, ஒரு இடத்துல நகம் நல்லாவே மாட்டுது. வலது பக்க பூட் காஞ்சு கிடக்கு, க்ரீஸ் மட்டும்தான்.

அப்ப சீல் கிட் கதை முடிஞ்சுது, சரியா? இப்ப ரீகனா, வெட்டுன காடில இருந்து கழட்டுன ஹாஃப்கட்டா, புதுசா? போன்ல கேட்டதுல ரீகன் 350 வெள்ளி, பழச கொடுக்கணும், கூலி தனி. ஹாஃப்கட் 180க்கு தரேன்னு பட்டர்வொர்த்ல ஒருத்தர் சொல்றாரு.


பிறை போர்மேன்:

ஆமா தம்பி, சீல் கிட் முடிஞ்சுது. அந்த 1100 ஆள் பார்த்தது தப்பான இடம், ஆனா ரேக் போச்சுன்னு சொன்னது சரியா வந்துருச்சு, அவன் அதிர்ஷ்டம். விலைய மட்டும் நீ ஒத்துக்க வேண்டியதில்ல. வீரா 1993ல இருந்து 2009 வரைக்கும் செஞ்ச காடி, சாமானுக்கு பஞ்சமே இல்ல, சத்ரியாவும் அதே வம்சம்தான்.

ஹாஃப்கட் 180 பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது வெட்டுன காடில இருந்து கழட்டி எத்தன நாள் வெயில்ல கிடந்துச்சோ, உள்ள எண்ணெய் வடிஞ்சு சீல் காஞ்சிருக்கும், போட்டு கொஞ்ச நாள்ல ஒழுக ஆரம்பிச்சா கூலி ரெண்டு தடவ. வாங்கித்தான் ஆகணும்னா நேர்ல போ. ரெண்டு பூட்டையும் தள்ளி பாக்க விடுறானான்னு கேளு, விடலன்னா திரும்பி வந்துரு. பினியன கையால இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சுத்து, ஒரே கனத்துல போகணும், நடுவுல எங்கயாச்சும் கடக்குன்னு தட்டுனா வேணாம். ரேக்கையும் டயரையும் சேர்க்கிற டைராட்டோட உள்மூட்ட ஆட்டிப் பாரு. உள்ள இருந்து வடியிற எண்ணெய் செவப்பா இருந்தா நல்லது, காப்பி கலர்ல தண்ணி கலந்து வந்தா உன் ரேக்கோட அண்ணன்தான் அது.

நான் சொல்றது ரீகன். ஆனா எல்லா ரீகனும் ரீகன் இல்ல, வெளிய கருப்பு பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சா ரீகன்னு ஒரு கூட்டம் இருக்கு. ஷாஃப்ட்ட என்ன பண்ணீங்கன்னு கேளு. துரு இருந்தத தேச்சு முலாம் போட்டோம், இல்ல நல்ல ஷாஃப்ட் மாத்துனோம்னு சொல்லணும். பிரஷர் ஏத்தி டெஸ்ட் பண்ணீங்களான்னு கேளு. ரெண்டுக்கும் பதில் திக்குனா அடுத்த கடை. புது பூட்டோட வருதான்னு பாரு. உன் பழைய ரேக்க கழட்டுன பிறகு பக்கத்துல வச்சு பைப் நட்டு அளவு, பினியன் பல்லு எல்லாம் ஒத்துப் பார்த்துட்டு மாட்ட சொல்லு, ஒரே மாடல்னாலும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

கடையில மாட்டும்போது பக்கத்துல நில்லு. கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்டேரிங்க நேரா வச்சு கட்டணும், தண்டு மூட்டுல குறி போடணும். ரிட்டர்ன் ஹோஸ புதுசா போடு, கண்டிப்பா ஏடிஎஃப் தாங்குற ஹோஸ், தண்ணி ஹோஸ வெட்டி மாட்டுவான் சில பேரு, அது உப்பி போயிரும். பழைய எண்ணெய முழுசா வெளிய எடுத்துட்டு புதுசு ஊத்து, உன் ஹோஸ் துண்டு துண்டா பிஞ்சுதுன்னு சொன்னியே, அந்த தூளெல்லாம் உள்ளதான் சுத்துது, அது புது ரேக்குக்குள்ள போனா அந்த சீலும் போச்சு. இத பண்ணாம நிறைய பேர் ரீகன் சாமான் சரியில்லன்னு திட்டுறாங்க.

காத்து எடுக்கிறது சுலபம். முன் டயர் ரெண்டும் தரையில படாம தூக்கி, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம, ஸ்டேரிங்க இந்த முனை அந்த முனை மெதுவா சுத்து, டேங்க்ல குறையுற குறையுற ஊத்து. குமிழி நின்ன பிறகுதான் ஸ்டார்ட். ஸ்டார்ட்ல வச்சு திரும்ப சுத்து, முனையில இடிச்சு பிடிச்சுக்கிட்டு நிக்காத. முழுசா ஒடிச்சு பிடிச்சா பம்ப் பிரஷர் 1000 பிஎஸ்ஐக்கு மேல ஏறும், உன் டயர்ல இருக்கிறது 30 சொச்சம், கணக்கு பண்ணிக்கோ. பார்க்கிங்ல தினமும் அப்படி ஒடிச்சு பிடிக்கிற பழக்கம் இருந்தா அதயும் விட்டுரு, கொஞ்சம் உருள விட்டுக்கிட்டே ஒடி.

டயர் கோணத்த சரி பண்ற அலைன்மெண்ட் பண்ணாம பாலம் ஏறாத. டைராட் கழட்டி மாட்டுன காடி நேரா போற மாதிரி தெரியும், டயர தின்னுரும்.


ஜெலுத்தோங் அக்கா:

அலைன்மெண்ட் காசு கூலில சேர்த்தியான்னு முன்னாடியே கேட்டுருங்க தம்பி, என்கிட்ட கடைசியில தனியா போட்டான்.


பழைய இரும்பு:

மைலோ டின் படம் போடுங்க ப்ரோ, எங்க அப்பாவுக்கு காட்டணும், அவரு காடில பூட்டெல்லாம் எதுக்கு பாக்கணும்னு சண்ட போடுறாரு.


பாயா தெருபோங் வீரா:

டின்ன கழுவிட்டேன் ப்ரோ 😅

போட்டாச்சு. ஹாஃப்கட் கடைக்கும் போனேன், பூட்ட தள்ள விட மாட்டேன்னுட்டாரு, திரும்பி வந்துட்டேன். ரீகன் 350, கூலி 150, ஹோஸ் கிளிப் ஏடிஎஃப் எல்லாம் சேர்த்து 70, அலைன்மெண்ட் 40. ஷாஃப்ட் மாத்துனதுன்னு சொல்லி பழைய ஷாஃப்ட் குவியலையே காட்டுனாரு, ஆறு மாசம் வாரண்டி ரசீதுல எழுதி வாங்கிட்டேன். பழைய எண்ணெய பாட்டில்ல பிடிச்சப்ப அடியில கருப்பு தூளு படிஞ்சு கிடந்துச்சு, அண்ணே சொன்ன அதே ரப்பர்.

ஸ்டேரிங் இப்ப வெண்ணெய். பம்ப் சத்தம் முக்கால்வாசி போச்சு, காலையில லேசா ஒரு முனகல் மட்டும் இருக்கு. ஆனா ஒரு சின்ன குறை, காடி நேரா போகுது, இழுக்கல, ஆனா ஸ்டேரிங் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு இருக்கு. கடையில கேட்டா ஸ்டேரிங் வீல கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டித் தரேங்குறாங்க, செய்யலாமா?


பிறை போர்மேன்:

அவசரப்படாத, வீல கழட்ட விடாத. முதல்ல எண்ணு. ஸ்டேரிங்க ஒரு முனைக்கு முழுசா ஒடிச்சு, அங்க இருந்து மறு முனை வரைக்கும் எத்தன சுத்துன்னு பாரு, அதுல பாதி வா. அதான் ரேக்கோட நடு. அந்த நடுவுல வீல் நேரா நிக்குதுன்னா ரேக்கும் தண்டும் சரி, ரெண்டு டைராட்டும் சமமா இல்ல, ஒண்ண நீட்டி மத்தத அதே அளவு குறைக்கணும், அலைன்மெண்ட் கடைக்காரன் வேலை. நடுவுலயே வீல் சாஞ்சு நின்னுச்சுன்னா தண்டு மூட்ட ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டான், அத ரேக் மாட்டுனவன் கழட்டி சரியா போடணும். எதையும் பார்க்காம வீல மட்டும் திருப்பி மாட்டுனா பார்க்க நேரா இருக்கும், ஆனா ஒரு பக்கம் அதிகமா ஒடியும் ஒரு பக்கம் கம்மியா ஒடியும், சிக்னல் தானா திரும்புறதும் கோணும்.

காலையில வர்ற முனகலுக்கு பம்ப் பெல்ட் டென்ஷன் பாரு. டேங்க்ல நுரை தெரியுதான்னும் பாரு. நுரை இருந்தா இன்னும் காத்து இருக்கு, ஓட ஓட போயிரும். நுரை இல்லாம முனகுனா பம்ப் முன்னாடி காஞ்சு ஓடுனதுல கொஞ்சம் தேஞ்சிருக்கு, சத்தம் ஏறாத வரைக்கும் அப்படியே ஓட்டு.


பாயா தெருபோங் வீரா:

எண்ணிப் பார்த்தேன், நடுவுல வீல் நேராத்தான் நிக்குது. அப்ப டைராட். அலைன்மெண்ட் கடைக்கு திரும்ப கொண்டு போனேன், காசு வாங்காம சரி பண்ணிக் கொடுத்துட்டாங்க, இப்ப நேரா இருக்கு. நுரை இல்ல, பெல்ட்ட கொஞ்சம் இறுக்குனதுல முனகலும் குறைஞ்சிருக்கு. வலது பக்க பூட் ரீகனோட புதுசாத்தான் வந்துச்சு, இருந்தாலும் சுங்கை சிப்புட் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு தடவ அமுக்கிப் பார்த்துட்டுத்தான் போவேன். போர்மேன் அண்ணே, உங்க கடை பிறையில எந்தப் பக்கம்? எஞ்சின் மவுண்டிங் ஒண்ணு பார்க்கணும்.


பிறை போர்மேன்:

பிரைவேட் மெசேஜ்ல அனுப்புறேன். ஞாயித்துக்கிழம மட்டும் வராத, கடை பூட்டு.